ரப்பர் பேண்டும் வலது காலும்

வருங்காலத்துக்கு வயது இருபத்தொன்பது. அது அவன் பெயரல்ல. ஆனால் தெருமுனை டீக்கடைக்காரர் அவனை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டு நாலு வருஷம் ஆகிறது. மருத்துவப் படிப்பை முடித்துப் பெட்டியோடு வந்து இறங்கிய அன்று அம்மா பெருமை தாங்காமல் கடைவாசலிலேயே நின்று, "எங்க வீட்டு வருங்கால டாக்டர்" என்று அறிமுகப்படுத்தி வைத்தாள். ஒரு வருஷத்தில் டாக்டர் உதிர்ந்துபோய் வருங்காலம் மட்டும் நின்றது. "என்ன வருங்காலம், சர்க்கரை கம்மியா?" என்று அவர் கேட்கும்போது அதில் நக்கல் துளிகூட இருக்காது. அதுதான் அவனுக்கு அதிகம் வலித்தது. பிறகு வலியும் பழகிப்போய், போனில் யாராவது "யாரு பேசறது?" என்று கேட்டால் அவனே "வருங்காலம்தான்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தான்.

படித்து முடித்தால் மட்டும் டாக்டர் ஆகிவிட முடியாது. உரிமத் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. இருநூறு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நாலு விடைகள், கம்ப்யூட்டரில் ஒன்றை அழுத்த வேண்டும். நூறு வந்தால் டாக்டர். தொண்ணூற்றொன்பது வந்தால் வருங்காலம். நாலு முறைதான் எழுதலாம். அதற்குமேல் கதவைச் சாத்திவிடுவார்கள், பிறகு ஆயுசுக்கும் கிடையாது. அவன் மூன்று முறை எழுதியிருந்தான். தொண்ணூற்றேழு, தொண்ணூற்று நாலு, தொண்ணூற்றெட்டு. ஒரேயடியாகக் குப்புற விழுந்திருந்தால் இது நமக்கு ஒத்துவராது என்று வேறு வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருப்பான். ஒவ்வொரு தடவையும் வாசற்படியில் தடுக்கி விழுகிறவனுக்கு அவன் படித்த எந்தப் புத்தகத்திலும் வைத்தியம் இல்லை. நாலாவது தேர்வுக்கு நாற்பது நாள் இருந்தது.

குற்றவாளியைக் கண்டுபிடித்தது அக்கா. அவளுக்குச் சட்டைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டைகள் அவள் கையைத் தாண்டித்தான் வெளியே போகும். காலர் ஓரத்தில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். அந்தக் கண்ணோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பியின் மூன்றாவது தேர்வு விடைத்தாள் நகலைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தாள். எந்தக் கேள்விக்கு முதலில் எதை அழுத்தினான், பிறகு எதற்கு மாற்றினான் என்பதுவரை அதில் இருக்கும். அவன் இதுவரை கடைசி வரியில் இருந்த மொத்தத்தைத் தவிர அதில் எதையும் பார்த்ததில்லை. தைரியம் வந்ததில்லை என்பதுதான் உண்மை.

"இருபத்தேழு கேள்வில விடையை மாத்தியிருக்கே," என்றாள் அக்கா, சிவப்புப் பேனாவை மூடிக்கொண்டே.

"யோசிச்சுதான் மாத்தினேன்."

"அதுல பத்தொன்பது மொதல்ல சரியா இருந்துது. நீ யோசிச்சுத் தப்பாக்கியிருக்கே. தப்பா இருந்து சரியானது மூணே மூணு. கணக்குப் போட்டுப் பாரு. மொதல்ல அழுத்தினதோட கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா நூத்திப் பதினாலு."

அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். நூற்றுப் பதினாலுதான் வந்தது. பாஸாகிற ஒருத்தன் தனக்குள் இருந்திருக்கிறான்; அவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியதும் தானேதான். அழுகையாக வரவேண்டியது அவனுக்குச் சிரிப்பாக வந்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "பாவி, பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டாள், யாரை என்று சொல்லாமல்.

"எங்க ஃபேக்டரில ஒரு சட்டம் இருக்கு," என்றாள் அக்கா. "பாஸ் பண்ணி அடுக்கின சட்டையை மறுபடி கையில எடுக்கக் கூடாது. எடுத்தா அழுக்குதான் ஆகும்."

அன்று மதியமே அந்தச் சட்டம் வீட்டில் அமலுக்கு வந்தது. அம்மா பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'மாத்தாதே' என்று எழுதி அவன் மேஜைக்கு மேலே ஒட்டினாள். குளியலறைக் கண்ணாடியில் ஒன்று. செருப்பு விடுகிற இடத்தில் ஒன்று. அக்கா தொழிற்சாலையிலிருந்து சட்டைக் கட்டுகளுக்குப் போடும் பட்டையான ரப்பர் பேண்டு ஒன்றைக் கொண்டுவந்து அவன் இடது மணிக்கட்டில் மாட்டினாள். விடையை மாற்றலாமா என்று மனசு அலைபாயும்போதெல்லாம் அதை இழுத்து விட வேண்டும். சுளீர் என்று ஒன்று விழும். மனசு அடங்கும்.

அம்மா எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாதவள். பரீட்சைக்கு என்று ஆரம்பித்த சட்டம் இரண்டே நாளில் வீடு முழுக்கப் பரவியது. நீலச் சட்டையை எடுத்துவிட்டு வெள்ளையைத் தொட்டால் சமையலறையிலிருந்து "மாத்தாதே" என்று குரல் வரும். டீ கேட்டுவிட்டு, இல்லை காபி கொடு என்றால் டீதான் வரும். முடிவெட்டுகிற கடையில் போய் உட்கார்ந்து, கொஞ்சம் நீளமாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, பாதியில் ஒட்ட வெட்டச் சொல்லலாமா என்று நினைத்தவன் பக்கத்தில் யாரும் இல்லாதபோதும் ரப்பர் பேண்டைச் சுண்டிக்கொண்டான். முடிவெட்டுகிறவர் கத்தரியை நிறுத்திவிட்டு அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஆனால் பலன் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பயிற்சித் தேர்வுகளில் நூற்றெட்டு வந்தது, நூற்றுப் பதினொன்று வந்தது, ஒரு நாள் நூற்றுப் பதினேழு வந்தது. மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு தடம் விழுந்தது. கைதேர்ந்த வைத்தியன் ஒருவன் தன் நோயைத் தானே குணப்படுத்திக்கொண்ட மிதப்பில் அவன் நடமாடினான். இத்தனை வருஷம் மூளை என்று நினைத்துக்கொண்டிருந்தது வெறும் கை அரிப்பு என்று தெரிந்ததில் ஒரு நிம்மதிகூட.

படிப்பு நேரம் போக அவனுக்கு ஒரு சின்ன கிளினிக்கில் வேலை. கிளினிக்கின் டாக்டர், கல்லூரியில் அவனுக்கு இரண்டு வருஷம் ஜூனியர். கை எலும்புகளின் பெயரை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். அவள் உரிமத் தேர்வை முதல் தடவையிலேயே, அதுவும் காய்ச்சலோடு போய் எழுதி, முடித்துவிட்டாள். இப்போதும் அவனை "சீனியர்" என்றுதான் கூப்பிடுவாள். கூப்பிடுகிறவளுக்கு மரியாதை, கேட்கிறவனுக்குத்தான் காது கூசும். அவன் அவளை "டாக்டர்" என்பான்.

முன்னறையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்த்து, என்ன தொந்தரவு என்று கேட்டுச் சீட்டில் எழுதி உள்ளே அனுப்புவது அவன் வேலை. 'என்ன நோய்' என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட வேண்டும். அது டாக்டருக்கு. ஆனால் நூற்றுப் பதினேழு வந்த நாளிலிருந்து அவன் அந்தக் கட்டத்திலும் பென்சிலால் எழுத ஆரம்பித்திருந்தான். எழுதியது நாலைந்து நாள் சரியாகவே இருந்தது. ஒரு நாளைக்கு அறுபது பேரைப் பார்க்கிற அவளும், பென்சில் மேலேயே பேனாவை ஓட்டிக் கையெழுத்துப் போடப் பழகிவிட்டாள்.

தேர்வு சனிக்கிழமை. வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஒரு லாரி டிரைவர் நொண்டிக்கொண்டு வந்தார். ஐம்பது வயது இருக்கும், வாட்டசாட்டமான ஆள்.

"ரெண்டு நாளா கெண்டைக்கால் இழுக்குது டாக்டர்."

"லாரியா ஓட்டறீங்க?"

"ஆமா. ரெண்டு நாள் ஓட்டம் முடிச்சு இன்னிக்குக் காலையிலதான் லோடு எறக்கினேன்."

"அப்பறம் என்ன? கிளட்ச் மிதிச்சு மிதிச்சுத் தசை புடிச்சிருக்கும்."

டிரைவர் தன் காலைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். "இருக்கும் டாக்டர்," என்றார்.

பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டச் சொல்லிக் காலைத் தொட்டுப் பார்த்தான். கொஞ்சம் வீங்கியிருந்தது, கொஞ்சம் சூடாகவும் இருந்தது. பென்சிலை எடுத்து 'தசைப்பிடிப்பு' என்று எழுதினான். எழுதி முடிக்கும்போதே உள்ளே ஏதோ ஒன்று முணுமுணுத்தது: ஒரு கால் மட்டும் வீங்குவானேன்? ரெண்டு நாள் அசையாமல் உட்கார்ந்திருந்த ஆள் ஆயிற்றே? கை அழிரப்பர் பக்கம் நகர்ந்தது. உடனே ரப்பர் பேண்டை இழுத்து விட்டான். சுளீர். முணுமுணுப்பு நின்றது. பயிற்சித் தேர்வுக்கு வெளியே, நிஜ மனிதர் முன்னால், முதல்முறையாகத் தன்னை அடக்கிக் காட்டிவிட்டோம் என்று அவனுக்கு உடம்பெல்லாம் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையைப் பின்னால் நினைக்கும்போதெல்லாம் அவனுக்குக் காது சுடும்.

டாக்டர் கையெழுத்துப் போட்டாள். தடவ ஒரு களிம்பு, மூன்று நாளைக்கு வலி மாத்திரை.

"சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி கெளம்பணும். பதினாலு மணி நேர ஓட்டம். போகலாமில்ல?" என்று வாசலில் நின்று கேட்டார் டிரைவர்.

"தாராளமா," என்றான் வருங்காலம்.

ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் முதல் இருக்கை கிடைத்தது. போனில் கேள்விகளைப் புரட்டிக்கொண்டே வந்தான். முதல் சிக்னலில் பஸ் நின்றபோது தற்செயலாக டிரைவரின் கால்கள் கண்ணில் பட்டன. அவர் கியரை மாற்றும்போது இடது கால் ஒரு மிதியை அழுத்தியது. சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டிப் பார்க்காத அவனுக்கு அதில் முதலில் எதுவும் உறைக்கவில்லை. இரண்டாவது சிக்னலில் தன் கால்களை வைத்து அதேபோலச் செய்து பார்த்தான். பக்கத்து இருக்கைப் பெண்மணி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இடது கால், கிளட்ச். இடது கால், கிளட்ச். மூன்றாவது சிக்னலில், மதியம் அந்த மனிதர் எந்தப் பக்கம் குனிந்து பேண்ட்டைச் சுருட்டினார் என்பது ஞாபகம் வந்தது. சுவர்ப் பக்கம் இல்லை. மேஜைப் பக்கம்.

வலது கால்.

அப்போதும் அவன் கை போனது ரப்பர் பேண்டுக்குத்தான். சுண்டினான். மறுபடி சுண்டினான். முதலில் தோன்றியதே சரி, மாற்றாதே, மாற்றினால் அழுக்காகும். மணிக்கட்டு எரிந்ததே தவிர வலது கால் வலது காலாகவே இருந்தது. கிளட்ச் மிதிக்காத கால் கிளட்சால் வலிக்காது. ஒற்றைக் காலில் வீக்கம், சூடு, இரண்டு நாள் உட்கார்ந்த உட்கார்வு: எந்தப் பயிற்சித் தேர்விலும் அவன் தூக்கத்தில்கூடச் சரியாக அழுத்துகிற கேள்வி அது. காலின் உள்ளே ரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கலாம். அது அசைந்து நுரையீரலுக்குப் போனால் ஆளே போய்விடுவார். அந்த மனிதரைத்தான் அவன் தாராளமாகப் பதினாலு மணி நேரம் உட்காரச் சொல்லியிருக்கிறான்.

நிறுத்தம் வருவதற்குள்ளேயே கத்தி பஸ்ஸை நிறுத்தி இறங்கி ஓடினான். லாரிகள் நிற்கும் மைதானம் கிளினிக்குக்கு இரண்டு தெரு பின்னால். போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தே முக்கால். இருபது லாரிகள் நின்றன, எல்லாம் ஒரே நிறம். டிரைவரின் பெயரைச் சீட்டில் எழுதியதுதான், மனதில் எழுதவில்லை. வேறு வழி தெரியாமல் மைதானத்தின் நடுவில் நின்று, "கால் வலிக்கிற டிரைவர் யாரு?" என்று கத்தினான்.

ஆறு பேர் கையைத் தூக்கினார்கள்.

ஏழாவது ஆள், கோடியில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த லாரியிலிருந்து தலையை நீட்டி, "என்ன டாக்டர்?" என்றார்.

"எறங்குங்க."

"கெளம்பற நேரம் டாக்டர்."

"நான் டாக்டர் இல்ல," என்றான் அவன். மூச்சு வாங்கியது. "மூணு தடவை எழுதியும் பாஸ் பண்ணல. நான் சொன்னதை நம்பிப் போகாதீங்க. தயவுசெஞ்சு எறங்குங்க."

"நீங்கதானே தாராளமா போங்கன்னீங்க?"

"ஆமா. இப்ப மாத்திட்டேன்."

டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு மெதுவாக இறங்கினார். இறங்கும்போது வலது காலைத் தரையில் ஊன்றி முகத்தைச் சுளித்தார்.

"கிளட்ச் எந்தக் கால்ல மிதிப்பீங்க?"

"இடது."

"வலிக்கறது?"

"வலது."

"அதை அப்பவே சொல்லக் கூடாதா அண்ணே?"

"நீங்க படிச்சவங்க. கிளட்சைப் பத்தியும் எங்களைவிட நல்லாத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்," என்றார் டிரைவர். கிண்டல் செய்யவில்லை. மனதார நினைத்திருக்கிறார்.

டாக்ஸியில் கிளினிக்குக்கு அழைத்துப் போனான். அளவு நாடா கிடைக்காமல், பிறந்த குழந்தைகளுக்குத் தலைச் சுற்றளவு பார்க்கிற நாடாவை எடுத்து, முழங்காலுக்குக் கீழே ஒரே இடத்தில் இரண்டு கெண்டைக்காலையும் டாக்டர் அளந்தாள். வலது கால் நாலு சென்டிமீட்டர் பெரிதாக இருந்தது. அவள் நாடாவைச் சுருட்டி மேஜையில் வைத்தாள்.

"நான் காலையே பாக்கல, சீனியர். உங்க பென்சிலைத்தான் பாத்தேன்," என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளே போன் செய்து இருவரையும் அனுப்பிவைத்தாள். ஸ்கேனில் முழங்காலுக்கு மேலேவரை ரத்தக்கட்டி இருந்தது. நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்று அங்கே இருந்த டாக்டர் அவன் தோளைத் தட்டினார். நல்ல நேரம் மதியம் மூன்று மணி என்பது அவனுக்குத் தெரியும். நடையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. ஒரு மார்க்குக்காகப் பழகிய வித்தையில் ஒரு மனிதரைக் கொன்றிருப்பான். அப்போதும் டிரைவர் கட்டிலிலிருந்து கையசைத்து, "நீங்க வீட்டுக்குப் போய்ப் படிங்க டாக்டர், பரீட்சையில்ல?" என்றார். அவனுக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

வீட்டில் நடந்ததைச் சொன்னான். மேஜைக்கு மேலிருந்த தாளைக் கிழிக்கப் போனவன் கையை அம்மா பிடித்துக்கொண்டாள். "அது லாரிக்கு. இது பரீட்சைக்கு. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்காதே." அக்கா தன் பங்குக்கு, பழைய ரப்பர் பேண்டு தளர்ந்துவிட்டது என்று புதிதாக ஒன்று கொடுத்தாள்.

சனிக்கிழமை காலை தேர்வு மையத்து வாசலில் காவலாளி அவன் சட்டைப்பையைத் தடவி, செருப்பைக் கழற்றிப் பார்த்து, கடைசியில் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இது என்ன?"

"ரப்பர் பேண்டு."

"எதுக்கு?"

அவன் யோசித்தான். நாற்பது நாள் கதையை எங்கிருந்து ஆரம்பிப்பது? "பழக்கம்," என்றான். காவலாளி அதைக் கழற்றிக் கூடையில் போட்டார். கூடைக்குள் ஏற்கெனவே கயிறுகளும் மோதிரங்களும் கிடந்தன. யார் யாருக்கோ என்னென்னவோ காவல். வருங்காலம் வெறும் கையோடு உள்ளே போனான்.

இருநூறு கேள்விகளையும் முடித்தபோது ஐம்பது நிமிஷம் மிச்சம் இருந்தது. முந்தைய மூன்று முறையும் அவனைத் தின்று தீர்த்தது இந்த மிச்ச நேரம்தான். திரும்பிப் பார்க்க ஆரம்பித்தான். ஒவ்வொரு கேள்வியும் 'நிச்சயமாத் தெரியுமா?' என்று வழக்கம்போல நெஞ்சைப் பிசைந்தது. சுண்ட ரப்பர் பேண்டு இல்லை. அதனால் ஒவ்வொரு முறையும் தன்னையே ஒன்று கேட்டுக்கொண்டான்: வலது கால் எங்கே? முதலில் அழுத்திய விடையோடு ஒத்துப்போகாத ஒரு வார்த்தை அந்தக் கேள்விக்குள் இருக்கிறதா, விரலை வைத்துக் காட்ட முடியுமா? பெரும்பாலும் எதுவும் இல்லை. வெறும் சந்தேகம் மட்டும்தான் இருந்தது. அதையெல்லாம் அப்படியே விட்டான். ஒன்பது இடத்தில் விரலை வைக்க முடிந்தது. ஒன்பதையும் மாற்றினான்.

"எத்தனை மாத்தினே?" வாசலிலேயே காத்திருந்த அம்மா கேட்ட முதல் கேள்வி.

"ஒம்பது."

அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த மூன்று வாரமும் வீட்டில் சத்தமாக யாரும் பேசவில்லை. அக்கா மட்டும் ஒரு நாள், "தொழிற்சாலையில ஆள் எடுக்கறாங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவனும் தன்னைச் சட்டைகளுக்கு நடுவில் நிறுத்திப் பார்த்தான். பாஸ் பண்ணிய சட்டையை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து முகர்ந்து பார்த்துக்கொண்டு நிற்பான். இரண்டாம் நாளே துரத்திவிடுவார்கள்.

முடிவு ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்தது. அக்காதான் திறந்தாள். அவன் குளியலறையில் ஒளிந்துகொண்டு 'மாத்தாதே' ஒட்டிய கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே சத்தமே இல்லை. பிறகு அம்மா அழுகிற சத்தம் கேட்டது. போச்சு என்று நினைத்தான். கதவைத் திறந்தபோது அம்மா அழுதுகொண்டே அவன் முதுகில் நாலு அடி வைத்தாள். "நூத்தி மூணுடா, நூத்தி மூணு!"

கொண்டாட்டம் அடங்குவதற்குள் அக்கா சிவப்புப் பேனாவோடு மேஜையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கண்ணுக்குத் தூக்கம் கிடையாது. "மாத்தினது ஒம்பது. அதுல ஆறு தப்பா இருந்து சரியாயிருக்கு. ரெண்டு அப்பவும் தப்பு, இப்பவும் தப்பு. ஒண்ணு சரியா இருந்து தப்பாயிருக்கு." பேனாவை மூடினாள். "தொடாம விட்டிருந்தா தொண்ணூத்தெட்டு."

மூன்று பேரும் சுவரில் இருந்த தாளைப் பார்த்தார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தோற்றுப்போகிற ஜாதி இல்லை அவள்.

"அது சரி, அந்த ஒண்ணை எதுக்குடா மாத்தினே?"

அக்கா கேள்வியைத் தேடி எடுத்து உரக்கப் படித்தாள். பத்தொன்பது வயதுப் பையன், பந்து விளையாடும்போது திடீரென்று கெண்டைக்காலில் வலி, வீக்கம். அவன் முதலில் அழுத்தியது தசைக் கிழிசல். அதுதான் சரி. பிறகு மாற்றியது ரத்த உறைவு.

"விளையாடிட்டிருந்த பையன்டா! இதுகூடவா தெரியல?" என்றாள் அக்கா.

"வலது கால்னு போட்டிருந்துது," என்றான் அவன்.

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள், அம்மாவும் சிரித்தாள், அவனும் சிரித்தான். முட்டாள்தனமான விடைதான், முதல் வருஷ மாணவன்கூட எழுத மாட்டான். ஆனால் அந்த ஒரு மார்க் போனதில் அவனுக்குக் கொஞ்சமும் வருத்தம் இல்லை. இருநூறு கேள்வியில் அந்த ஒன்றைப் படிக்கும்போதுதான், லாரியிலிருந்து இறங்கி முகத்தைச் சுளித்த ஒரு மனிதர் அவன் கண்முன் வந்து நின்றார். அவரை இன்னொரு தடவை அனுப்பிவிட அவனுக்கு மனசு வரவில்லை.

அம்மா எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். டீக்கடையில் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும் அவளுக்கு, அதுவும் இந்த நிமிஷமே. அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்த அழுக்குச் சட்டையோடயா வருவே?" என்றாள். "போ, மாத்திக்கிட்டு வா."